மேசையின் கருத்து

பிப்ரவரி 11

சுருட்டைக்கு,

நீ எனக்குச் செய்தது அநியாயம். சாப்பிடக் கூப்பிட்டாய், வந்தேன், சாப்பிட்டேன். நான் சாப்பிட்டதைச் சம்மதம் என்று உன் சங்கம் எடுத்துக்கொண்டது. அந்தச் சம்மதத்தை வைத்து இன்று காலை சட்டமன்றக் குழுவில் என் மசோதாவின் கழுத்தைத் திருகிவிட்டார்கள். கூப்பிட்டவன் நீ. ஆகையால் செய்தவனும் நீ.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிறகு மறந்துவிட்டது என்று நீ சொல்லக் கூடாது.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை கொடுக்க வேண்டும் என்பது என் மசோதா. ஜனங்கள் ஓட்டுப் போட்டு என்னை அவைக்கு அனுப்பிய நாளிலிருந்து நான் கேட்பது இது ஒன்றுதான். உன் பெரிய கடைகள் சங்கம் உறுப்பினர்களுக்கு விருந்து வைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஓர் உறுப்பினர், பக்கத்தில் ஒரு கம்பெனி ஆள் என்று பூ தொடுப்பதுபோல் மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள் என்பதும், அந்தத் தொடுக்கிற வேலைதான் உன் உத்தியோகம் என்பதும் தெரியும். தெரிந்துதான் இத்தனை காலம் ஒன்றுக்கும் வந்ததில்லை. போன மாதம் நீ போன் செய்து, "அத்தை, ஒரே ஒரு தடவ வாங்களேன். உங்களப் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றாய். அந்தக் குரலில் விழுந்தேன்.

வட்ட மேசை, வெள்ளைத் துணி. என் இடப்பக்கம் செருப்புக் கம்பெனி, வலப்பக்கம் துணிக்கடை முதலாளி. அவர் தன் பேத்தியின் போட்டோவைக் காட்டினார். நல்ல குழந்தை, பல் முளைக்கும் வயது. ஐஸ்கிரீம் வந்தது. உன் செயலாளர் கரண்டியால் கிளாஸைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "மேசையின் கருத்தைத் தொகுத்துச் சொல்கிறேன்" என்றார். இருக்கை தருவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லையாம். 'நிர்வாகத்துக்கு வசதிப்படும் இடங்களில்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்களாம். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. காபி வந்தது.

இன்று குழுத் தலைவர் அதே வார்த்தைகளை மசோதாவில் சேர்க்கச் சொன்னார். அவர் தொழிலில் பல் டாக்டர், அன்று விருந்திலும் இருந்தவர், அடுத்தவர் வாய்க்குள் கை விட்டே பழகியவர். நான் எழுந்து மறுத்தேன். "என்னக்கா இது, அன்னைக்கு விருந்துலயே பேசி முடிச்சதுதானே. நீங்களும்தானே இருந்தீங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சேர்த்துவிட்டார்கள்.

எந்தக் கடை முதலாளிக்கு எந்த இடத்தில் வசதிப்படும்? நீயே சொல்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ "அத்தை" என்பாய், நான் "சாப்பிட்டியா" என்பேன், விஷயம் காற்றில் போய்விடும். நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறவனுக்குத் தபால்தலை ஒட்டுகிறேன் என்று உறுப்பினர் விடுதி வாட்ச்மேன் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அத்தை

---

பிப்ரவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்களுக்கு மனவருத்தம் ஏற்பட நேர்ந்தமைக்கு வருந்துகிறேன். அது தொடர்பாகச் சில விளக்கங்களை

இந்த வரியில் நிறுத்திவிட்டேன். ஆபீஸ் கை, அதுவாக எழுதுகிறது. கிழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். திட்டுங்கள்.

அத்தை, இந்த விருந்துகளில் தப்பு எதுவும் இல்லை. டாக்டர்கள் சங்கம் வைக்கிறது, பஸ் முதலாளிகள் வைக்கிறார்கள், தொழிற்சங்கங்களும் வைக்கின்றன. சட்டம் போடுகிறவரும் அந்தச் சட்டத்தில் மாட்டப்போகிறவரும் முகம் பார்த்துப் பேச வேறு எந்த இடம் இருக்கிறது? அவையில் கத்துகிறீர்கள். பேப்பரில் அறிக்கை விடுகிறீர்கள். ஒரு மேசையில் உட்கார்ந்தால் மனிதர்கள் கொஞ்சம் மனிதர்களாக இருக்கிறார்கள். நான் அப்படி நம்பித்தான் இந்த வேலைக்குப் போனேன்.

செயலாளர் கடைசியில் எழுந்து மேசையின் கருத்து என்று சொல்வது எப்போதும் நடப்பது. யாராவது மறுத்தால் "சரி, இதில் கருத்து வேறுபாடு உண்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மறுக்காவிட்டால் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. வந்து பழகியவர்களுக்கு இது தெரியும். உங்களுக்கு நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அது என் தப்புதான்.

ஆனால் உங்கள் வாயை யாரும் பொத்தவில்லையே அத்தை. நீங்கள் மறுக்காத இடத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. என் கணக்கு வாத்தியாரிடம் சண்டை போட்டீர்கள். என் கல்யாணத்தில் போட்டோ எடுக்க வந்தவரிடம்கூட, "அந்தப் பக்கம் நிக்கற ஜனமும் ஜனந்தான், அவங்களையும் எடு" என்று மல்லுக்கு நின்றீர்கள். அன்றைக்கு மட்டும் ஏன் பேசவில்லை? குத்திக்காட்டுவதற்குக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குப் புரியவில்லை.

இவளுக்கு எட்டாம் மாதம். "அத்தை எப்ப வருவாங்க" என்று கேட்கிறாள். வேலையாக இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சுருட்டை

---

பிப்ரவரி 17

சுருட்டைக்கு,

தலையில் பாதி முடி போய்விட்டது, இன்னும் சுருட்டை என்று கையெழுத்துப் போடுகிறாய். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சிரித்தேன். மற்றபடி உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் பேசவில்லை என்று கேட்டாய். உன்னால்தான்.

நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். நீ கதவோரம் நின்றிருந்தாய். எல்லாருக்கும் பரிமாறியாயிற்றா, யார் கிளாஸில் தண்ணீர் இல்லை என்று உன் கண் சுற்றிக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் உன்னை மரியாதையாகக் கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது செயலாளர் எழுந்தார். அவர் 'வசதிப்படும்' என்ற வார்த்தையைச் சொன்னதும் என் நாற்காலியைப் பின்னால் தள்ளக் கை வைத்தேன். நீ என்னைப் பார்த்தாய். முகத்தில் ரத்தம் இல்லை. பள்ளிக்கூட மேடையில் பாட்டு மறந்துபோய் என்னைத் தேடினாயே, அந்த முகம். பையன் வேலை செய்யும் இடத்தில், அவன் முதலாளிகள் முன்னால், அவன் கூப்பிட்ட அத்தை ரகளை செய்தாள் என்று வரக் கூடாது என்று கையை எடுத்துவிட்டேன். உன் ஒருவன் முகத்துக்காக ஊரில் உள்ள எல்லாக் கடைப் பெண்களையும் விட்டுக் கொடுத்தேன். நினைக்க நினைக்க ஆறவில்லை.

நான் படித்தவள் இல்லை. எட்டாவதோடு நிறுத்தி என்னைத் துணிக்கடையில் நிறுத்தினார்கள். பார்சல் கட்ட வந்த பழைய பேப்பரைப் படித்துப் படித்து எழுத்தைத் திருத்திக்கொண்டேன். அப்புறம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டப் புத்தகம். அந்தக் கடையில் சாய்ந்து நின்றால்கூட மேற்பார்வையாளர் கைதட்டிக் கூப்பிடுவான். கால் தாங்காதபோது, கீழ்த்தட்டில் நிறம் பொருந்தும் துணி தேடுகிறமாதிரி குந்திக்கொள்வோம். ஒருத்தி குந்தினால் மற்றவள் நின்று மறைப்பாள். வாடிக்கைக்காரர் வந்துவிட்டால், "தேடறாங்க, இப்ப எடுத்துருவாங்க" என்பாள். இப்படித் தேடியே என் இளமை போயிற்று. என் காலில் நரம்பு சுருண்டு கிடப்பதை நீயே பார்த்திருக்கிறாய்.

நேற்று விளக்குக் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி விடுதிக்கு வந்தாள். "அக்கா, நாற்காலி வந்துருச்சுன்னு சொன்னாங்களே, எங்க மாடிக்கு எப்ப வரும்" என்றாள். உங்கள் மாடி உங்கள் முதலாளிக்கு வசதிப்படாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

26ஆம் தேதி மசோதா அவைக்கு வருகிறது. நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். விருந்து வைத்தது எந்தச் சங்கம், மேசையின் கருத்து என்பது எப்படி உருவாகிறது, நான் ஏன் மறுக்கவில்லை, என்னைக் கூப்பிட்டது யார், அவன் எனக்கு என்ன உறவு. எல்லாம். முதுகுக்குப் பின்னால் செய்யக் கூடாது என்பதால் முன்னாடியே உனக்குச் சொல்கிறேன்.

உன் பெண்டாட்டி உப்பைக் குறைத்துச் சாப்பிட வேண்டும். கால் வீங்குகிறதா என்று எழுது.

அத்தை

---

பிப்ரவரி 19

அத்தை,

வேண்டாம் அத்தை. கெஞ்சிக் கேட்கிறேன்.

நீங்கள் சொன்னால் எனக்கு வேலை இருக்காது. இந்த வேலை கிடைப்பதற்கு முன்னால் எத்தனை ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும், மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவர் நீங்கள்தான். இந்த நேரத்தில், இவள் இருக்கிற நிலையில். உங்கள் பெயரும் கெடும். ஒருநாள் விருந்துக்குப் போய் வாயை மூடிக்கொண்டவள் என்று உங்களையும் எழுதுவார்கள்.

கால் வீங்குகிறது. சாயங்காலமானால் செருப்புக்குள் நுழையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக எழுதிப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என் அத்தை என்று தெரிந்த நாளிலிருந்தே செயலாளர் உங்களைக் கூப்பிடச் சொல்லி நச்சரித்தார். "அவங்க வரமாட்டாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போன மாதம், "உங்களைத் தூக்கி வளர்த்தவங்கன்னு சொல்றீங்க, ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூப்பிட முடியாதா? அப்ப என்ன சார் பாசம்" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்துக்குள் எனக்கும் ஓர் ஆசை இருந்தது. நான் இந்த வேலைக்குப் போன பிறகு நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. கோட்டுப் போட்டு, நாலு பேர் மதிக்க, நான் ஒரு காரியத்தை நடத்துவதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று இருந்தது. உங்களுக்கு மட்டும் முள் எடுத்த மீன் வைக்கச் சொன்னேன். கதவிலிருந்து உங்கள் முகம் தெரிகிறமாதிரி நாற்காலி போட்டேன்.

அந்தப் பார்வையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அத்தை, அது பேசாதீர்கள் என்கிற பார்வை இல்லை. செயலாளர் கிளாஸைத் தட்டியதும், இப்போது அத்தை எழுந்துவிடுவார் என்று பயந்தேன். கூடவே, எழுந்தால் தேவலை என்றும் இருந்தது. நானும் உங்கள் கூடவே அந்தத் துணிக்கடையில் வளர்ந்தவன்தானே. எனக்கு வாய் வராது, உங்களுக்கு வரும். நீங்கள் கை எடுத்ததும் நான் நிம்மதியானேன். அதுதான் என்னை இப்போது தூங்கவிடவில்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகும் கேட்கிறேன். அவையில் சொல்லாதீர்கள்.

சுருட்டை

---

பிப்ரவரி 21

சுருட்டைக்கு,

நீ என்னைப் பார்த்துப் பேசச் சொன்னாய். நான் உன்னைப் பார்த்துப் பேசாமல் இருந்தேன். நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் படித்த லட்சணம் இது. வேறு வீட்டு அத்தையும் மருமகனும் என்றால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அவர்கள் கண்ணால் பேசிக்கொள்கிறவர்களாக இருக்க மாட்டார்கள்.

மீன் நன்றாக இருந்தது. முள் இல்லை என்பதைக் கவனித்தேன். ஹோட்டல்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் வைப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் என் முடிவு மாறவில்லை. நேற்று பல் டாக்டரும் வந்து பேசினார். "இந்தத் தடவ விட்டுருங்கக்கா. அடுத்த கூட்டத்தொடர்ல நானே கொண்டுவரேன்" என்றார். "அடுத்த கூட்டத்தொடர் வரைக்கும் நீங்க நின்னுக்கிட்டே இருங்க டாக்டர், நான் விட்டுடறேன்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார். மோசமான மனிதர் இல்லை. எல்லாரும் நல்லவர்கள்தான். நல்லவர்கள் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஐஸ்கிரீம் உருகுவதற்குள் இப்படி ஒரு காரியத்தைச் செய்து முடித்தோம்.

உன்னை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லலாமே என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சொந்தக்காரன் என்பதை மறைத்தால், நாளைக்கு அது வெளியே வரும்போது நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த சூழ்ச்சி என்று ஆகும். நானே சொன்னால் அது வெறும் பாசம். பாசத்தில் செய்தேன் என்று அவையில் எழுந்து சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

வேலையை விடு என்று கேட்க மாட்டேன். கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. ஒன்றுதான் கேட்கிறேன். 26ஆம் தேதிக்குள் உன் செயலாளரிடம் நீயே போய், என் அத்தை இப்படிச் சொல்லப் போகிறார் என்று சொல்லிவிடு. அவர் அதை என் வாயிலிருந்து முதலில் கேட்டால் நீ ஒளிந்தவனாக ஆவாய். நான் வளர்த்த பையன் ஒளிகிறவன் இல்லை.

அவளை ஒரு தலையணைமேல் கால் வைத்துப் படுக்கச் சொல். இடது பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும்.

அத்தை

---

பிப்ரவரி 23

அத்தை,

சொல்லிவிட்டேன்.

செயலாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "நீங்க நல்ல பையன். உங்க அத்தையும் நல்லவங்க. ஆனா நம்ம மேசைல நடந்தது மேசையோட போகணும், அதுதானே நம்ம தொழிலு" என்றார். பிறகு, "கொஞ்ச நாள் வீட்ல இருங்க. கூப்பிடறோம்" என்று கதவைக் காட்டினார். கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

இவளிடம் எப்படிச் சொல்வது என்று தெருமுனை வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில், அத்தை திட்டி எழுதியது என்று உங்கள் கடிதங்களையே கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்தாள். "இதைத்தான் திட்டுன்னு சொன்னீங்களா? உப்பக் குறைக்கச் சொல்லிருக்காங்க, இடது பக்கம் படுக்கச் சொல்லிருக்காங்க. எங்கம்மா இந்த மாதிரி ஒரு தடவ திட்டுனதில்ல" என்றாள். அப்புறம் அழுதாள். அப்புறம் பசிக்கிறது என்றாள்.

வேலைதான் போய்விட்டதே என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அங்கே இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. அன்றைக்கு விருந்து முடிந்து எல்லாரையும் லிஃப்ட் வரைக்கும் கொண்டு விட்டேன். நீங்கள் முதலிலேயே கிளம்பிவிட்டீர்கள். மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறாரே, அந்த உறுப்பினர் என்னிடம், "எங்க மாடு நினைச்சா படுத்துக்குது தம்பி. ஒரு நாற்காலிக்கு ஏன்பா இவ்வளவு யோசன" என்றார். பள்ளிக்கூட டீச்சராக இருந்து வந்த உறுப்பினர், "நானும் காலம் பூரா நின்னவதான். உங்க அத்தை ஏதாவது சொல்லட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவங்களே சொல்லல, நான் எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். பல் டாக்டர்கூடச் செயலாளர் பேசும்போது தலையாட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் ஐஸ்கிரீமைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்த மேசையில் யாரும் சரி என்று சொல்லவில்லை அத்தை. எல்லாரும் உங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

இதை யார் கேட்டாலும் சொல்ல நான் தயார்.

பயமாகத்தான் இருக்கிறது.

சுருட்டை

---

பிப்ரவரி 25

கண்ணா,

தபாலில் போட்டால் நேரத்துக்குச் சேராது. வாட்ச்மேன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு ஒரு வாய் காபி கொடு, இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

நேற்று வந்த உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், அப்புறம் உட்கார்ந்து படித்தேன். டீயைக் குடித்துவிட்டு வந்ததற்கு வருத்தப்படாதே. ஆறிப்போகும் முன் குடித்தது சரிதான்.

எனக்கு நேரம் குறைவு. நாளை அவையில் நடக்க வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

அந்த 'வசதிப்படும்' வார்த்தையை எடுக்கத் திருத்தம் கொண்டுவருவது நான். அதை வழிமொழிய வேண்டியது பண்ணைக்காரர். காலையில் அவரைப் பார்த்தேன். "அந்தத் தம்பி சொல்லிட்டானா" என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். மாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், கேட்பாரா தெரியாது.

டீச்சர் எனக்கு அடுத்துப் பேச வேண்டும். எனக்காகக் காத்திருக்கக் கூடாது. நான் சரியாகப் பேசாவிட்டாலும் அவர் பேச வேண்டும்.

பல் டாக்டர் குரல் வாக்கெடுப்பு என்று சமாளிக்காமல் ஒவ்வொருவரையும் கை தூக்கச் சொல்லி அவைத் தலைவரிடம் கேட்க வேண்டும். அவர் திருத்தத்துக்கு எதிராகவே கை தூக்கலாம். அது அவர் இஷ்டம். தூக்குவது மட்டும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

உன் செயலாளர் பார்வையாளர் மாடத்துக்கு வரலாம். அவரைப் பற்றி, விருந்தில் அவர் சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

விளக்குக் கடைப் பெண்ணுக்கு நாளைக்கு லீவு கிடைக்காது. முடிவு எதுவானாலும் அவள் கடைக்குப் போன் செய்து சொல்ல வேண்டியது நான். தோற்றாலும் நானே சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது.

உன் பெண்டாட்டி வரக் கூடாது. மாடத்துக்குப் படி அதிகம். அவள் செய்ய வேண்டியது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது.

நீ மாடத்தில் முன்வரிசையில் உட்கார வேண்டும். என் தம்பி மகன் என்று நான் சொல்லும்போது எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தலையைக் குனியாதே. எழுந்து நிற்கவும் வேண்டாம். உட்கார்ந்தபடியே இரு.

'தம்பி மகன்' என்று சொல்லும்போது குரல் தடுமாறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அவை கலைந்ததும் நீ பெரிய வாசலில் வந்து நிற்க வேண்டும். நீங்கள் வீடு மாறிய பிறகு நான் வந்ததில்லை. விலாசம் எழுதி எழுதி மனப்பாடம் ஆகிவிட்டது, வழிதான் தெரியாது. ஜெயித்தாலும் தோற்றாலும் என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது உன் வேலை.

அத்தை